முப்பத்தேழாம் நம்பர் கால்

ஆம்பூர்,
ஜூன் 8, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் செண்பகக் கிறிஸ்டினாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான் சுகம், உன் அப்பா அவர் பங்குக்குச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜோசுவாவும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று என் பக்கத்துக்கு ஆண்டவரிடமும் உன் அப்பா பக்கத்துக்கு இரத்தினகிரி முருகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், யாருக்கு முதலில் கை ஒழிகிறதோ அவர் பார்த்துக்கொள்ளட்டும். என்ன இது, தினமும் வீடியோவில் பேசுகிற அம்மா திடீரென்று பேனாவைப் பிடித்துவிட்டாளே என்று பயப்படாதே, யாரும் சாகவில்லை. எதிர்வீட்டு சமீருல்லா பாயின் மகன் சுஹேல் அகமது கம்பெனி வேலையாக ஜெர்மனிக்கு வருகிறான், உன் ஊருக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தானாம், நேரிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றான். போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்த உடனே உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், நான் பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை. அதனால்தான் கடிதம். சுஹேல் கொடுக்கிற அட்டைப் பெட்டியை இதைப் படித்து முடிக்கும்வரை திறக்காதே.

கத்திரி முடிந்தும் வெயில் போகவில்லை. ஷூ கம்பெனியில் ஃபேன் காற்று அடுப்படிக் காற்றுபோல வருகிறது, செக்கிங் டேபிளில் நிற்கிற நாங்கள் எல்லாரும் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். பாப்பா போட்டோ வந்தது. மூக்கு தன்னுடையது என்று உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ, அந்த மூக்கு வரக் கூடாது என்றுதான் நான் உனக்கு ஒன்பது மாதமும் ஜெபம் செய்தேன். நீ நர்ஸ், உனக்கு நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், குல்லா போடாமல் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கால் வீங்கவில்லை. போன மாதம் உன் அப்பா உனக்குப் போன் போட்டு அம்மா கால் வீங்கிவிட்டது என்று சொன்னதும், நீ அங்கிருந்து பதறி, சுகர், கிட்னி, தைராய்டு, இதயம் என்று வரிசையாக டெஸ்ட் எழுதி அனுப்பினாயே, எல்லாம் எடுத்தேன். எல்லாமே நார்மல். டாக்டரம்மா என் காலை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. ‘இது வீக்கம் இல்லம்மா, உங்க காலே இவ்ளோதான்’ என்றார். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரிந்துபோய், இரண்டு பேருக்கும் ஒரு ரெஸ்ட் தேவை, நீ மட்டும் இங்கே வந்து ஆறு மாதம் இரு என்று எனக்கு மட்டும் டிக்கெட் அனுப்பிவிட்டாய். அந்த டிக்கெட்டில் நான் வருவேனா மாட்டேனா என்பதற்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் படி.

எங்கள் காதல் கதையை உன் அப்பா உனக்குச் சொன்ன விதத்தில் மழை, குடை, பஸ் ஸ்டாப் எல்லாம் வரும். அத்தனையும் புளுகு. குடையே கிடையாது. நடந்தது என்னவென்றால், லேடீஸ் ஷூ சாம்பிள் எல்லாம் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் அதை ஒரு பெண் போட்டு நடந்து காட்ட வேண்டும். அதற்கு நூல் பிடித்த மாதிரி முப்பத்தேழு கால் ஒன்று வேண்டும் என்று தையல் செக்‌ஷனில் இருந்த பெண்கள் எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். என் கால் தேறியது. அன்றிலிருந்து சாம்பிள் ரூமுக்குக் கூப்பிடுவார்கள், நான் ஸ்டூலில் உட்காருவேன், பேட்டர்ன் போடுகிற கோதண்டராமன் என்று ஒல்லியாக ஒருவர் என் காலடியில் உட்கார்ந்து, தோலில் கோடு போடுகிற சில்வர் பேனாவை வைத்துக்கொண்டு ‘இங்க கடிக்குதா, அங்க கடிக்குதா’ என்று கேட்பார். கடிக்காத இடத்தையெல்லாம் கடிக்கிறது என்று சொல்வேன். அவரும் நம்பினதுபோலக் குறித்துக்கொண்டு, திரும்பத் தைத்து, திரும்பக் கூப்பிடுவார். அந்த வருஷம் சாம்பிள் எல்லாம் லேட்டாகப் போனதற்கு மேலே இருந்தவர்கள் கரண்டு கட்டைக் குறை சொன்னார்கள். எனக்குக் கம்பெனியில் முப்பத்தேழு என்றே பெயர் வந்துவிட்டது, உன் அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார். விஷயம் வெளியே தெரிந்ததும் என் அப்பா பைபிளைத் தூக்கினார், உன் அப்பாவின் அம்மா சூடத்தைக் கொளுத்தினார், நாங்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியான ஷிப்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

அப்புறம் நீ வந்தாய். நீ வயிற்றில் இருக்கும்போது என் கால் ஒரு சைஸ் ஏறியது. நீ வெளியே வந்தாய், சைஸ் இறங்கவில்லை. லீவு முடிந்து போய்ப் பார்த்தால் சாம்பிள் ரூம் ஸ்டூலில் வேறொருத்தி கால் உட்கார்ந்திருக்கிறது. உன் அப்பாவை அதற்குள் ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றியிருந்தார்கள், இருட்டில் பஸ் பிடிப்பார், இருட்டில் திரும்புவார். என் கால் ரிட்டையர் ஆன விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. நின்று வேலை பார்த்துப் பார்த்துக் கால் இன்னும் அகலமானது, பஜாரில் நானே போய் நானே போட்டுப் பார்த்துச் செருப்பு வாங்கிக்கொண்டேன். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரிகளுக்கெல்லாம் ஷூ தைத்த மனுஷன், வீட்டு வாசலில் கிடந்த என் செருப்பை ஒருநாளும் திருப்பி நம்பர் பார்த்ததில்லை. அவர் தலையில் முடி எப்போது போனது என்று நானும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். உனக்கு ஜுரம், உனக்கு ஸ்கூல், உனக்கு நர்சிங் அட்மிஷன் என்று இரண்டு பேரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உன் அப்பா ரிட்டையர் ஆனதும் பார்க்க நேரம் வந்தது, அதுதான் வினை. கம்பெனியில் ஒரு சால்வையும் ஒரு கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் நேராக என் சமையலறைக்குள் வந்துவிட்டார். பருப்பு டப்பாவுக்கெல்லாம் ஷூ மாடலுக்குப் போடுவதுபோல நம்பர் ஒட்டினார். துவரம்பருப்பு எங்கே என்றால் டி நாலு என்கிறார். குக்கர் விசிலுக்கு இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்க்கிறார். நான் ஷிப்டுக்குப் போவதே நிம்மதிக்குத்தான். இந்த நேரத்தில்தான் நம் வீட்டு நடுக்கதவு காற்றுக்குப் படார் படார் என்று அடிக்க ஆரம்பித்தது. அந்தக் கதவுக்கு அடியில் பச்சை பிளாஸ்டிக் பாதம் ஒன்றை முட்டுக் கொடுத்திருப்போமே, நீ சின்ன வயதில் அதற்குச் சாக்ஸ் மாட்டி விளையாடுவாயே, அதைக் காணவில்லை. அது சாம்பிள் ரூமில் இருந்து வந்த லாஸ்ட், என் கால் சைஸ் அச்சு. அந்த மாடல் நின்றபோது உன் அப்பா கேட்டு வாங்கி வந்தது. எங்கே என்று கேட்டால், எனக்கு இன்னா தெரியும் என்று கூரையைப் பார்த்தார்.

மே மாதம் ஆரம்பத்தில் எங்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். சமீருல்லா பாயும் அவர் மனைவி சைராவும் மத்தியானம் பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் உன் அப்பா உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். திறந்தால் ஒரு ஜோடி ஷூ, கிறிஸ்டி. மாதுளம்பழத் தோல் இருக்குமே அந்தச் சிவப்பு, உள்ளே மெத்தென்று ஆட்டுத்தோல், அளவான குதிகால், எல்லாம் கையால் தைத்தது. நான் ஷிப்டில் இருக்கிற நேரமெல்லாம் பாயின் செருப்புப் பட்டறையில் உட்கார்ந்து தைத்திருக்கிறார், கதவு முட்டு போன இடமும் அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனையா டி நாலு என்று திட்டினோம் என்று நினைத்தேன். அப்புறம் காலை விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. உன் அப்பா குனிந்து தள்ளினார். ஸ்பூன் கொண்டுவந்து குதிகாலில் வைத்து நெம்பினார். பாப்பாவுக்கு அனுப்ப வாங்கி வைத்திருந்த பவுடரைக் கொட்டினார். ‘மூச்ச கொஞ்சம் புடி’ என்றார், காலுக்கு எங்கே மூச்சு. சைரா முக்காட்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். கடைசியில் உன் அப்பா ஷூவை எடுத்துவிட்டு என் காலைக் கையில் ஏந்தி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, ‘இன்னா ஹெலன், கால் இப்டி வீங்கிப்போயிருக்கு, நாளைக்கே டாக்டராண்ட போலாம்’ என்றார்.

‘யோவ், இது வீக்கம் இல்ல, உம்பொண்ணு பொறந்ததுலேர்ந்து இதான் எங்காலு’ என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘இல்லையே, உன்து முப்பத்தேழாச்சே’ என்று எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி அடித்துச் சொன்னார். உடம்போடு ஒட்டியிருக்கிற காலைவிடக் கதவு முட்டின்மேல் அவருக்கு நம்பிக்கை. பாய் நல்ல மனிதர், மெல்லச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உனக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. அவர் ஒரு பெண்ணுக்கு ஆசை ஆசையாக ஷூ தைத்திருக்கிறார், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கடிக்கிறது கடிக்கிறது என்று சிரித்தவள், அவளுடைய பொருளில் நான் போய்க் காலை நுழைக்கிறேன். வேறு எவளாவது என்றால் போய் முடியைப் பிடித்து ஆய்ந்துவிட்டு வரலாம். இவள் நானே, இவளை எங்கே போய் அடிப்பது.

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு ஆச்சா என்று அவர் டிவியைப் பார்த்துக் கேட்பார், ஆச்சு என்று நான் குக்கரைப் பார்த்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழக்கம்போல ஸ்கூட்டரில் சர்ச்சில் கொண்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் தோளைப் பிடிக்காமல் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன், அவர் வேண்டுமென்றே வேகத்தடையில் மெதுவாகப் போகாமல் தூக்கிப் போடுவார். இதற்கு நடுவில்தான் உன் டிக்கெட் வந்தது. ஆறு மாசம் கூப்பிடறா, என்னை மட்டும், என்றேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் ‘போய்ட்டு வா’ என்றார். அவ்வளவுதான். மறுநாள் பரணில் இருந்து சூட்கேசை இறக்கி, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, என் பெயரை எழுதி ஒட்டியும் வைத்துவிட்டார். அது ஒத்தாசையா, துரத்துகிறாரா என்றே எனக்குப் புரியவில்லை. உன்னைப் பார்க்க, பாப்பாவைத் தூக்க, எனக்கு ஆசை இல்லாமலா. ஆனால் ஆறு மாதம் அங்கே இருந்தால் திரும்பி வரவே தோன்றாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. நான் வீட்டில் இல்லை என்பதே இந்த மனுஷனுக்கு உறைக்காமல் போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

மே கடைசியில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்து, கால் வலி தாங்காமல் அகல டப்பில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா ஒரு பழைய காலண்டர் தாள், டேப், சில்வர் பேனா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, முட்டி மடக்க முடியாத மனுஷன் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டு என்றார். சர்ச்சுல கால் கழுவி விடுற பெரிய வியாழன் போன மாசமே முடிஞ்சிபோச்சி, இப்ப இன்னாத்துக்குக் கால் கழுவுறதுக்கு வந்துகினு இருக்க, என்றேன். அவர் என் காலைத் துண்டால் துடைத்துத் தாள்மேல் வைத்து, பேனாவால் சுற்றி வரைந்தார். வரைந்துகொண்டே வந்தவர் கட்டைவிரல் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பில் நின்றார். ‘இது எப்போ’ என்றார். செக்கிங் டேபிளில் நின்று நின்று வந்தது என்றேன். சுண்டு விரல் கோணியிருப்பதைக் கேட்டார். நீ நடக்கப் பழகியபோது உன்னைப் பிடிக்க ஓடி நிலைப்படியில் இடித்துக்கொண்டது, உனக்குத் தெரியாது. குதிகாலில் ஒரு தழும்பு. அதைத் தொட்டு, இது இன்னா ஹெலன் என்றார். உனக்கு வலிப்பு வந்த அன்று மழையில் செருப்பு அறுந்து, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கண்ணாடி கிழித்தது. அதைச் சொல்லி, ‘நீ அப்போ ராணிப்பேட்டைல இருந்த’ என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெகு நேரம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார், நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ‘போவாதன்னா பேத்திய பாக்க விடலன்னு சொல்லுவ. போன்னா நெஜமாவே போய்டுவ. நான் இன்னாதான் சொல்றது. நீ இல்லாம இந்த ஊட்டுல நான் இன்னா பண்ணுவேன், பருப்பு டப்பாவ எண்ணிகினு இருக்கவா’ என்றார். இதை அன்றைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா என்றேன். ‘வெண்டைக்காய்ல கத்தி இருந்திச்சி, கண்ணு மறைச்சிச்சின்னா கைய அறுத்துக்குவேன்’ என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. அவ்வளவையும் பேசிவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறார், முட்டி பிடித்துக்கொண்டது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், ஈரக் கால் வழுக்கி நானும் போய் அவர்மேல் விழுந்து, டப் கவிழ்ந்து, கூடம் முழுக்க வெந்நீர். சத்தம் கேட்டு சைரா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அல்லா என்று முகத்தை மூடிக்கொண்டு கதவையும் சாத்திவிட்டுப் போனாள். அவள் என்ன நினைத்தாளோ நினைத்துக்கொள்ளட்டும், இந்த வயதில் அப்படியொரு பெயர் வந்தால் நல்லதுதான்.

மறுநாளே பாயிடம் போய் முப்பத்தொன்பதாம் நம்பர் லாஸ்ட் ஒன்று வாங்கி வந்து, என் எலும்பு துருத்துகிற இடத்தில், கோணல் விரல் இருக்கிற இடத்தில், எல்லாம் துண்டுத் துண்டாகத் தோலை ஒட்டி, அரத்தால் தேய்த்து, என் கால் மாதிரியே ஒன்று செய்துவிட்டார். பார்க்கச் சகிக்காது, முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. அதன் தலையில் அடித்திருந்த நம்பரைச் சுரண்டிவிட்டுச் சில்வர் பேனாவால் ஹெலன் என்று எழுதியிருக்கிறார். அதில் தைத்த கறுப்பு ஷூவைத்தான் இன்றைக்குச் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனேன். கடிக்கிறதா என்று கேட்டார். கடிக்கவே இல்லை. இடது காலில் கொஞ்சம் கடிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பழைய முப்பத்தேழு மறுபடியும் கதவுக்கு முட்டாகப் போய்விட்டது, கதவும் அடங்கிவிட்டது.

ஆகையால் நீ அனுப்பிய டிக்கெட்டைத் தள்ளிப் போடு, கோபப்படாதே. நான் வருவேன், உன் அப்பாவும் வருவார், ஆறு மாதம் கிடையாது, உங்களுக்கு எங்களைப் பிடிக்காமல் போவதற்குள் திரும்பிவிடுவோம். அவருக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. போட்டோ எடுக்கப் போனோம், பிடிபட்ட திருடன் மாதிரி விழிக்கிறார், அதையே கொடுத்திருக்கிறோம். வந்தால் உன் சமையலறை டப்பாவுக்கும் நம்பர் ஒட்டுவார், மாப்பிள்ளையை இப்போதே தயார் செய்து வை.

இன்னும் ஒன்று. போன வாரம் நீ போனில், நானும் ஜோசுவாவும் இப்போதெல்லாம் டயபரையும் டியூட்டியையும் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு வைத்தேன். அப்புறம் யோசித்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்த சிரிப்பு. எங்களுக்கு ரெஸ்ட் வேண்டும் என்று நீ டிக்கெட் அனுப்பியது, உனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதால்தானோ என்றும் தோன்றியது. அந்த ஆள் நானில்லை கண்ணு, உன் வீட்டிலேயே இருக்கிறார்.

பாப்பாவுக்கு என் முத்தம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதம். ஆண்டவரும் முருகனும் சேர்ந்தே காப்பாற்றட்டும், முப்பது வருஷமாக இந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் சண்டை போட்டதில்லை. உன் அப்பா விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப மறந்துவிடாதே. இப்போது பெட்டியைத் திற. அந்தச் சிவப்பு ஷூ. உன் கல்யாணத்துக்கு நான்தான் உனக்குச் செருப்பு வாங்கினேன், அப்போது நீயும் முப்பத்தேழுதான். போட்டுப் பார். ஏறினால் உனக்கு, நட. ஏறவில்லை என்றால் திணிக்காதே, பவுடர் போடாதே, அழாதே. பாப்பாவைத் தூங்கவைத்துவிட்டு, மாப்பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, காலை அவர் மடியில் நீட்டு. அவர் வாயில் வீக்கம் என்ற சொல் வந்தால் மட்டும் எனக்கு உடனே போன் போடு, உன் அப்பாவைப் பேசச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஹெலன் கோதண்டராமன்
(முப்பத்தொன்பது, அகலம்)